ஆலந்துரைக்குப் படையல்

ஏர்கோன் பழுதுபார்க்கும் தர்மேந்திரனுக்குச் சாமிகளோடு பகையும் இல்லை, ஒட்டுறவும் இல்லை. தைப்பூசத்துக்கு மனைவி துளசி கூப்பிட்டால் போவான், தண்ணீர்ப் பந்தல் பக்கமாக நின்று இரண்டு குவளை மோர் குடிப்பான், வந்துவிடுவான். நாற்பத்தாறு வயது வரைக்கும் இந்த ஏற்பாடு சிக்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதைக் கெடுத்தவர் செத்துப்போன ஒரு வெள்ளைக்காரத் துரை.

அவன் அம்மா செல்லாயிக்கு எழுபத்திரண்டு வயது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடுவதில்லை. நாலு படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவாள். மாதக் கணக்கில் காத்திருந்து அறுவைக்குத் தேதி கிடைத்திருந்தது. புதன்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் ஈப்போ ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்துவிட வேண்டும், வியாழன் காலை கத்தி. இதை விட்டால் அடுத்த தேதி நாலு மாதம் தள்ளித்தான். அதுவரை வால்வு தாங்காது என்று டாக்டர் மலாயில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை, பிறகு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டி ஒரு தடவை சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை சாயங்காலம் துளசி பையில் கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். செல்லாயி நாற்காலியில் இருந்தபடியே சொன்னாள்.

"அதெல்லாம் அப்படியே வைய்யி. ஆலந்தொரைக்குப் படைக்காம நான் கத்திக்குப் படுக்க மாட்டேன்."

தர்மேந்திரனுக்குச் சுருக்கென்று ஏறியது. "எந்தக் காலத்துலம்மா இருக்க? நாளைக்கு எனக்கு மூணு வீட்டுல வேல கெடக்குலா."

"அப்ப வேலய பாரு. நான் வூட்டுலயே இருந்துக்கிறேன்."

இதைச் சண்டைக்காகச் சொல்கிறவள் இல்லை செல்லாயி. ரப்பர்த் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் பால் மரம் வெட்டியவள், சொன்னால் சொன்னதுதான். தர்மேந்திரன் துளசியைப் பார்த்தான். துளசி கைலியைப் பார்த்துக்கொண்டாள்.

ஆலந்துரை என்பவர் ராபர்ட் ஹாலம். தாப்பாவுக்கும் பீடோருக்கும் நடுவில் இருக்கிற ஏழாங்கட்டைத் தோட்டத்தைக் காடழித்து உண்டாக்கியவர். அழித்தவர்கள் வேறு ஆட்கள், உண்டாக்கியவர் அவர். தோட்டத்து ஆபீஸ் சுவரில் இருந்த பலகை அப்படித்தான் சொல்லிற்று. ஜப்பான்காரன் காலத்தில் அந்தத் தோட்டத்துச் சனத்தில் பாதிக்கு மேல் சயாமுக்கு ரயில் போடப் போய்த் திரும்பவில்லை. மிச்சமிருந்தவர்களும் பிழைப்பு தேடிக் கலைந்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து வேறு வேறு தோட்டங்களிலிருந்து வந்து லயங்களின் வரிசை வீடுகளில் குடியேறியவர்களுக்குப் பழைய கதை சொல்ல ஆளில்லை. துரைமாரின் வேதக்கோயில் பின்னால் கல்லறைகள் கிடந்தன. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் போகிற போக்கில் ஒரு கல்லைக் காட்டி, எழுத்துக்கூட்டி, 'ராபர்ட் ஹாலம்' என்று படித்தார். பலகையில் இருந்த அதே பெயர். அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்றிலிருந்து துரைக்கு மீசை வந்தது, வெள்ளைக் குதிரை வந்தது, பூட்ஸ் சத்தம் வந்தது. மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பால் திருட வந்தவன் எல்லைக் கல்லைத் தாண்ட முடியாமல் விடியும்வரை நின்ற இடத்திலேயே சுற்றினான் என்று கதை வந்தது. முனியாண்டிக்கு என்னென்ன உண்டோ அத்தனையும் துரைக்கும் உண்டு. ஒரே வித்தியாசம், சாராயத்துக்குப் பதில் விஸ்கி. துரைமார் கண்டதையும் குடிக்க மாட்டார்கள் என்று ஒரு மரியாதை. விஸ்கியைக் கல்லில் ஊற்றி, சுருட்டைப் பற்றவைத்து மேடையில் வைத்து, அது எரிந்து முடிந்ததும் சாம்பலை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்வார்கள். கத்தி சம்பந்தப்பட்ட காரியம் எதுவானாலும் துரைக்குத்தான் முதல் படையல். ஒரு பெண் முதன்முதலாகப் பால்வெட்டும் கத்தியைக் கையில் எடுக்கிற நாளில் தொடங்கி, ஆஸ்பத்திரியில் வயிறு கிழிப்பது வரைக்கும் அதுதான் வழக்கம். தர்மேந்திரனுக்குப் பன்னிரண்டு வயதில் குடல்வால் எடுத்தார்கள். அப்போதும் செல்லாயி படைத்தாள், அவன் பிழைத்தான். அவளைப் பொறுத்தவரை விவகாரம் அத்தோடு முடிந்தது.

"சாம்பல மறக்காம பேப்பர்ல மடிச்சுக் கொண்டாந்துரு. அதப் பூசிக்கிட்டு வந்து வண்டியில ஏறுறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை மூன்று வீட்டுக்காரர்களுக்கும் போன் போட்டுப் பொய் சொன்னான். ஈப்போ லிட்டில் இந்தியாவில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் ஒரு வெற்றிலைக் கடையில் சுருட்டு வாங்கினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். சீனன் கடையில் அரைப் போத்தல் விஸ்கி வாங்கினான். ஏணியும் கேஸ் சிலிண்டருமாக வேன் தெற்கே போனது.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது ரப்பர் கிடையாது. எல்லாம் எண்ணெய்க்குப் போடும் செம்பனை. லயங்கள் இருந்த இடம், ஸ்டோர் இருந்த இடம், பள்ளிக்கூடம் இருந்த இடம் எல்லாவற்றிலும் வரிசை வரிசையாகச் செம்பனை. தர்மேந்திரன் பிறந்து பதினாறு வயதுவரை ஓடிய மண்தான், ஆனால் எந்த வரிசைக்குள் திரும்பினால் தன் வீடு என்று அவனாலேயே சொல்ல முடியவில்லை. அதைப்பற்றி அவனுக்குப் பெரிய துக்கமும் இல்லை. தண்ணீருக்குக் கால் மைல் நடந்த இடத்தை நினைத்து யார் உருகப்போகிறார்கள்.

துரைமார் கோயில் மட்டும் அப்படியே நின்றது. பலகைச் சுவர், துத்தநாகக் கூரை, வாசல் மேல் ஒரு சின்ன மணி. சுற்றிலும் கம்பி வேலி, கேட்டில் பூட்டு. மாதம் ஒரு பூசை நடக்கும் என்று ஒரு பலகை தொங்கியது. தர்மேந்திரன் போத்தல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு காலைக் கேட்டின் குறுக்குக் கம்பியில் வைத்தான்.

"தம்பி, ஏறாதையும். அது முழுக்கத் துரு. விழுந்து கால உடைச்சீர் எண்டா நான்தான் பதில் சொல்ல வேணும்."

கல்லறைப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தார். அரைக்காற்சட்டை, ஓலைத் தொப்பி, கையில் தேய்க்கும் பிரஷ், நெற்றியில் மூன்று விரல் திருநீறு. வெள்ளைக்காரன் கோயிலில் விபூதிக்காரருக்கு என்ன வேலை என்று தர்மேந்திரன் திகைத்தான். அந்தத் திகைப்புக்குப் பழகிப்போனவர்போல அவரே சொல்லிவிட்டார். பெயர் ஞானசேகரம். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பம். கல்லறைகளை அளந்து, கழுவி, பட்டியல் எடுத்துத் தரச் சொல்லி ஈப்போவில் உள்ள கோயில் கமிட்டி கேட்டது, வந்தார். அவ்வளவுதான்.

"கல்லுக்கு என்ன சமயம்? அளந்தா எல்லாரும் ஆறடிக்கு மூண்டடி" என்றபடி கேட்டைத் திறந்தார். "முதல்ல உள்ள வந்து புத்தகத்தில எழுதும். வாறவை எல்லாரும் எழுத வேணும்."

கோயிலுக்குள் பிரம்பு முடைந்த நாற்காலிகள் எட்டு வரிசை. கூரையில் ஒரு காலத்தில் விசிறித் துணி தொங்கிய கொக்கிகள். சுவரில் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றிலும் பெயர்கள். முதல் யுத்தத்துக்குப் போய்ச் செத்த துரைமார் ஒரு தகட்டில், காய்ச்சலில் செத்தவர்கள் இன்னொன்றில். இருபத்துமூன்று வயது, முப்பத்தொரு வயது, இருபத்தேழு வயது. இத்தனை பேர் இவ்வளவு சின்ன வயதில் போயிருக்கிறார்கள் என்று தர்மேந்திரனுக்குத் தெரியாது. துரை என்றால் தொந்தியும் தடித்த பிரம்பும்தான் அவன் மனதில். அதற்காக அவர்கள்மேல் பாசம் வந்துவிடவில்லை. தோட்டத்து ஆட்கள் செத்த கணக்குக்குத் தகடு அடிப்பதாக இருந்தால் பித்தளை பத்தாது என்றுதான் தோன்றியது.

புத்தகத்தில் மூன்று கட்டங்கள் இருந்தன. பெயர், யாரைக் காண வந்தீர், அவருக்கு நீர் என்ன உறவு. தர்மேந்திரன் பேனாவைக் கடித்து யோசித்துவிட்டு மூன்றாவது கட்டத்தில் 'அம்மாவுக்குத் தெரிந்தவர்' என்று எழுதினான். ஞானசேகரம் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். இரண்டாவது கட்டத்தில் இருந்த பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ராபர்ட் ஹாலமோ? அந்தப் பையுக்குள்ள என்ன, போத்தலோ?"

"ஆமா, அங்கிள். கொஞ்சமா ஊத்திட்டு, ஒரு சுருட்டு வச்சுட்டு போயிடுறேன். அஞ்சு நிமிஷம்லா. அம்மாவுக்கு நாளன்னிக்கு ஆப்பரேஷன்."

"ஏழாங்கட்டை ஆளோ நீர்?"

"ஆமா."

"அப்ப அப்பாவு எண்டு ஒருத்தரைத் தெரியுமோ?"

தர்மேந்திரனுக்கு அந்தப் பெயர் தெரியும். அப்பாவு அவன் அம்மாவின் அப்பா. தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர், அவன் பிறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவர். இந்தப் பெரியவருக்கும் அவருக்கும் என்ன வம்பு?

"மூண்டு கிழமையா, இருவத்தொரு நாளா அவரோடதான் தம்பி எனக்கு மல்லுக்கட்டு. வாரும், காட்டுறன்."

கல்லறைகள் முப்பத்துச் சொச்சம். மூன்றாவது வரிசைக் கடைசியில் ஹாலத்தின் கல் நின்றது. சின்ன வயதில் அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. அப்போது கல்லுக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு ஒரு சிமெண்டு மேடை இருக்கும். விளக்கு, போத்தல், சுருட்டு எல்லாம் அதன்மேல்தான். இப்போது மேடை இல்லை. உடைத்த சிமெண்டுத் துண்டுகள் ஓரமாகக் குவிந்திருந்தன. ஒரு பெரிய துண்டை மட்டும் ஞானசேகரம் தனியாக எடுத்து வைத்திருந்தார். ஈரச் சிமெண்டில் விரலால் கிறுக்கிய தமிழ் எழுத்துகள்: 'அப்பாவு உபயம் 1961.'

"கல்லுக்கு முட்டுக் குடுத்துப் பூசியிருக்கிறார் மனுசன். கல்லில அரைவாசி உள்ளுக்குப் போட்டுது. எழுத்து நொறுங்காமல் எடுக்க மூங்கில் குச்சியாலதான் சுரண்ட வேணும். மூண்டு கிழமை" என்றார் ஞானசேகரம். கோபத்தோடுதான் ஆரம்பித்தார், ஆனால் முடிக்கும்போது குரலில் கோபம் இல்லை. "வாசியும்."

மேலே பெரிய எழுத்தில் ராபர்ட் ஹாலம். கிராணி படித்தது அதுதான். அப்பாவு மேடை கட்டாமல் விட்டிருந்தால்கூட அதற்குக் கீழே இருந்ததைப் படிக்கத் தோட்டத்தில் ஆளில்லை. கட்டியபிறகு படிக்கக் கல்லே இல்லை. இப்போது கழுவித் துடைத்த கல்லில் சின்ன எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன. ஏழாங்கட்டைத் தோட்டத்து ராபர்ட் ஹாலத்தின் ஒரே மகன். 1926ஆம் வருடம் ஜூன் மாதம் காய்ச்சலில் இறந்தான். வயது நாலு வருடம் இரண்டு மாதம்.

தர்மேந்திரன் இரண்டு தடவை படித்தான். பள்ளியில் ஆங்கிலத்தில் அவன் புலி இல்லை, ஆனால் நாலுக்கும் நாற்பதுக்கும் வித்தியாசம் தெரியும்.

"தகப்பன்ற பேரையே பிள்ளைக்கும் வச்சிருக்கினம். தகப்பன் இஞ்ச இல்லைத் தம்பி. அடுத்த கப்பலிலேயே பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போட்டார். தன்ர ஊரில எண்பத்தொரு வயசு வரைக்கும் இருந்தவராம், பழைய பதிவில இருக்கு." ஞானசேகரம் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். "எனக்கும் புத்தி இருந்திருக்க வேணும். அளந்தனான். எல்லாம் ஆறடி, இது மட்டும் மூண்டே முக்கால். மேடையையும் சேர்த்துப் பார்த்ததில கண்ணுக்குத் தெரியேல்ல."

ஏறக்குறைய ஐம்பது வருடம் ஒரு தோட்டமே திரண்டு வந்து நாலு வயதுப் பிள்ளைக்கு விஸ்கியும் சுருட்டும் வைத்திருக்கிறது. தர்மேந்திரனுக்குச் சிரிப்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. கை மட்டும் தானாகப் பையின் வாயை மூடியது.

"நான் உம்மை மறிக்கேல்ல. கமிட்டி ஆக்கள் மறிச்சிருப்பினம். நான் சொல்ல மாட்டன். உமக்கு மனம் வந்தால் ஊத்தும்" என்றார் ஞானசேகரம்.

மனம் வரவில்லை. அவன் போத்தலை அப்படியே கொண்டுபோய் வேனில் வைத்தான். போகும்போது பெரியவர் கல்லறைப் பட்டியலின் ஓரத்தைக் கிழித்துத் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

திரும்பும் வழியில் தாப்பாவில் ஒரு சாப்பாட்டுக் கடை முன்னால் வேனை நிறுத்திவிட்டு தர்மேந்திரன் யோசித்தான். யோசிக்க அதிகம் இல்லை. அம்மாவுக்கு வேண்டியது சாம்பல். சாம்பல் எங்கே எரிந்தால் என்ன? சுருட்டைப் பற்றவைத்தான். சுருட்டு சும்மா வைத்தால் அணைந்தது, இழுத்தால்தான் எரிந்தது. சிகரெட்டே குடிக்காதவன் வேனின் கதவுகளைச் சாத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, இருமி இருமி ஒரு முழுச் சுருட்டையும் இழுத்து முடித்தான். சாம்பலைக் கவனமாக ஒரு ரசீதின் பின்புறத்தில் மடித்தான். அம்மாவை ஏமாற்றுகிறோம் என்று நெஞ்சில் ஒரு உறுத்தல் இருந்தது. வியாழக்கிழமைக்கு அப்புறம் அதற்கு வருத்தப்பட்டுக்கொள்ளலாம் என்று வேனைக் கிளப்பினான்.

எல்லாம் நினைத்தபடி நடந்தது. செல்லாயி சாம்பலைக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் பூசி, கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டாள். மகனுக்கும் பூசிவிட்டாள். துளசி விட்ட இடத்திலிருந்து கைலிகளை அடுக்க ஆரம்பித்தாள். மாலை ஐந்து மணி. இழுப்பு இல்லாமல் மூச்சு விட்டபடி செல்லாயி சாய்ந்துகொண்டாள், பல நாள் கழித்து அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது.

"இனிமே எனக்குப் பயமில்ல. வியாழக்கெழம தொரை வந்துருவாரு. டாக்டரு பக்கத்துல நின்னு அவரு கையப் புடிச்சுக்குவாரு பாரு" என்றாள்.

தர்மேந்திரன் கண்ணுக்கு அந்தக் காட்சி அப்படியே தெரிந்தது. பச்சை உடுப்பு டாக்டர்கள், பெரிய விளக்கு, அம்மா படுத்திருக்கும் மேசை. அந்த மேசை உயரத்துக்குக்கூட எட்டாத ஒரு வெள்ளைக்காரப் பையன் குதிங்காலைத் தூக்கி எட்டிப் பார்க்கிறான். காலையிலிருந்து வராத சிரிப்பு அப்போது வந்தது. வாயைப் பொத்தினான், அடங்கவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான், கண்ணில் தண்ணீர் வந்தது, எந்த இடத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை.

"என்னடா? என்னத்தடா கண்டுட்ட?"

அவன் சொல்லிவிட்டான். கல், சிமெண்டு, தாத்தா விரலால் எழுதியது, நாலு வருடம் இரண்டு மாதம், வேனுக்குள் சுருட்டு இழுத்தது வரைக்கும். சொல்லி முடித்தபிறகுதான் என்ன காரியம் செய்துவிட்டோம் என்று உறைத்தது. துளசி கையில் கைலியோடு அப்படியே நின்றாள். தேதி போச்சு என்று இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செல்லாயி முந்தானையால் நெற்றிச் சாம்பலைத் துடைத்தாள்.

"அந்த மேடைக்கு மணலு சொமந்தது நானு" என்றாள். "எட்டு வயசு. பால் வாளியில அள்ளிக் குடுத்தேன். அப்பா பூசிக்கிட்டே, தொரை காலடியில கெடக்கப் போவுது, நல்லா சலிச்சுக் கொண்டான்னாரு. கொழந்த பேருல்லடா அங்க எழுதியிருந்துருக்கு. அது மேலய பூசிப்புட்டோமே."

"தெரியாம செஞ்சதுதானம்மா."

"தெரியாம செஞ்சா மட்டும்? எத்தன போத்தலு! நானே எத்தன ஊத்தியிருக்கேன்! கொழந்த வாயில விஸ்கிய ஊத்திப்புட்டு, என் புள்ளைய காப்பாத்து, என்னைக் காப்பாத்துன்னு அதுகிட்டயே கேட்டுருக்கேனேடா." அவளுக்கு மூச்சு வாங்கியது. துளசி ஓடிவந்து முதுகைத் தடவினாள். தடவிய கையை விலக்கிவிட்டு செல்லாயி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஆஸ்பத்திரி எத்தன மணிக்கு?"

"பன்னெண்டுக்குள்ள."

"அப்ப காலையில வெள்ளன கெளம்பலாம். பால் ஊத்திட்டுப் போயிரலாம். சின்னப் புள்ளைக்குப் பால்தான ஊத்தணும்."

தர்மேந்திரன் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்து ஞானசேகரத்துக்குப் போன் போட்டான். அவர், "எட்டு மணிக்குக் கேற் திறந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை ஆறரைக்கு அம்மாவும் மகனும் மட்டும் புறப்பட்டார்கள். ஆஸ்பத்திரிப் பை பின்னால் ஏணிக்குப் பக்கத்தில். செல்லாயி முன்சீட்டில், மடியில் காய்ச்சிய பால் நிறைந்த பெரிய சுடுநீர்க் குடுவை. பெட்டிப் பால் வாங்கினால் ஆகாது என்று பாசாரில் பசும்பாலுக்குச் சொல்லி வைத்து, விடியுமுன் துளசியை எழுப்பிக் காய்ச்சி, சீனி போட்டு ஊற்றியிருந்தாள்.

கேட் திறந்தே இருந்தது. ஞானசேகரம் வருகைப் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. மூன்றாவது வரிசைவரை ஒரு பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து கல்லுக்கு முன்னால் போட்டிருந்தார்.

"இருங்கோ அம்மா. சலவைக்கல்லு, பால் பட்டாக் கறை பிடிக்கும். பரவாயில்லை. பிறகு நான் தண்ணி விடுறன்."

செல்லாயி உட்காரவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மண்டியிட்டாள். கல்லில் இருந்த சின்ன எழுத்துகளை விரலால் தடவினாள். அவளுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. "இதுவா?" என்று கேட்டாள். "அதுதான், நாலு வயசுன்னு போட்டிருக்கு" என்றான் தர்மேந்திரன். அவள் குடுவையைத் திறந்து மூடியில் கொஞ்சம் ஊற்றினாள். ஊற்றப் போனவள் நிறுத்தி, மணிக்கட்டின் உள்பக்கத்தில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள்.

"சுடுது" என்றாள். "கொஞ்சம் ஆறட்டும்."

மணி எட்டு இருபது. ஈப்போவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், வழியில் லாரி நெரிசல் இருந்தால் இன்னும் கூடும். தர்மேந்திரன் கடிகாரத்தைப் பார்த்தான். ஞானசேகரமும் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். மூன்று பேரும் ஒரு மூடிப் பால் ஆறுவதற்காகக் காத்திருந்தார்கள். செல்லாயி ஊதி ஊதி ஆற்றினாள். மூச்சு போதாமல் நடுவில் நிறுத்தி மறுபடியும் ஊதினாள். மறுபடியும் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். பிறகு கல்லின் அடியில், எழுத்தில் படாமல், மெதுவாக ஊற்றினாள்.

"குடி, ராசா. தெரியாம செஞ்சுப்புட்டோம்" என்றாள்.

வேறு எதுவும் கேட்கவில்லை. அறுவை நல்லபடி நடக்க வேண்டும் என்றோ, கூட வந்து நில் என்றோ கேட்கவில்லை. மூடியை முந்தானையில் துடைத்துக் குடுவையை மூடினாள். எழுந்திருக்க இரண்டு பேரும் கைகொடுத்தார்கள்.

வேனில் ஏறியதும் தர்மேந்திரன் குடுவையை வாங்கிப் பின்னால் வைக்கப் போனான். கனத்தது. முக்கால்வாசிப் பால் அப்படியே இருந்தது.

"இவ்ளோ மிச்சம் வச்சுட்டியேம்மா. துளசி வேற அஞ்சு மணிக்கு எந்திரிச்சு காய்ச்சினா."

"குடு இங்க." அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கோயிலிலிருந்து பெரிய ரோட்டுக்கு வரும் வழி பழைய தோட்டத்துக்குள்தான் போகிறது. செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் செம்பனை. முதல் வளைவு தாண்டியதும் செல்லாயி கண்ணாடியை இறக்கினாள்.

"மெதுவா போ."

"நேரமாகுதும்மா."

"ஒனக்கு அக்கா ஒருத்தி இருந்தா தெரியுமில்ல? செம்பகம்."

தெரியும். பெயர் மட்டும் தெரியும். பதினொரு மாதத்தில் வயிற்றுப்போக்கில் போனவள், அவன் பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பு. அதற்கு மேல் அம்மா சொன்னதில்லை. அவனும் கேட்டதில்லை.

"சின்னப் புள்ளைங்கள எல்லாம் இந்த ஓரமாத்தான் பொதைப்பாங்க. கல்லு கில்லு ஒண்ணுமில்ல, ஒரு குச்சி நட்டு வைப்பாங்க. எனக்கு மட்டும் எடம் தெரியும், ரெண்டு பால் மரத்துக்கு நடுவுல. அப்பறம் மரத்த எல்லாம் தோண்டி, மண்ண பொரட்டி, பனைய வச்சாங்க. அதோட எனக்கும் எடம் போச்சு." அவள் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றினாள். மணிக்கட்டில் விட்டுப் பார்த்தாள். இப்போது சூடு சரியாக இருந்தது. "எந்த எடம்னு தெரியல. நீ ஓட்டிக்கிட்டே இரு, நான் ஊத்திக்கிட்டே வாரேன்."

தர்மேந்திரன் முதல் கியரில் போட்டான். செல்லாயி கையை வெளியே நீட்டி ஊற்றினாள். மூடி காலியாவதும் நிறைவதும் மறுபடி நீட்டுவதுமாக, ரோட்டின் ஓரம் நெடுகப் பால் சிந்திக்கொண்டே வேன் ஊர்ந்தது. பழம் வெட்டிக்கொண்டிருந்த வங்காளதேசத் தொழிலாளி ஒருவன் நீளக் கத்தியை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான். தோட்டத்து எல்லைக் கல்லுக்குக் கொஞ்சம் முன்னால் பால் தீர்ந்தது. அவள் குடுவையைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் உதறினாள். கண்ணாடியை ஏற்றினாள்.

"இனிமே வேகமா போ" என்றாள்.

வழியில் லாரி நெரிசலில் மாட்டி, பதினொன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டான். பிறகு ஆஸ்பத்திரிப் பையை எடுக்க மறுபடி இறங்கி வந்தபோது, வேனின் இடதுபக்கக் கதவில் பால் வழிந்து, செம்மண் ஒட்டிக் கோடு கோடாகக் காய்ந்திருந்தது. துணியை எடுத்தான். இரண்டு நாள் கழித்துத் துடைத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனான்.